பொது அறையில் விழுந்த சேதி

"இந்த நீலப் புள்ளி யாரு?"

"நீதான்."

"இத்துனூண்டா?"

"ரெண்டு விரலை வெச்சு விரிச்சுப் பாரு. தெரு பெரிசாகும்."

"தெருதான் பெரிசாகுது. நான் அப்படியேதான் இருக்கேன்."

"புள்ளி வளராதும்மா."

"நெட் இல்லாட்டி?"

"இல்லாட்டியும் காட்டும். ஊர் மேப்பை முழுசா உள்ள இறக்கி வெச்சுட்டேன். டவர் செத்துப் போனாலும் நீ வழி தப்ப மாட்டே."

"நீங்க எங்க இருக்கீங்கன்னு காட்டுமா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "அதுக்கு நெட் வேணும். இல்லாட்டி அவங்கவங்க போன்ல அவங்கவங்க மட்டும்தான்."

சமையலறை மேசையில், சாப்பிட்ட தட்டுகளைக்கூட எடுக்காமல் புருஷனும் பெண்டாட்டியும் பேசிய பேச்சு அது. மறுநாள் காலை அவன் ஒரு துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் அப்பா வீட்டுக்குப் போனான். அப்பாவுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. கூட ஆள் வேண்டும். "ரெண்டு வாரம்தான்" என்றான். அந்த இரண்டு வாரம் இழுத்துக்கொண்டே போய், மழை முடிந்து, வெயில் வந்து, அதுவும் தணிந்து, இப்போது மறுபடி மழைக்காலம்.

அவன் ரொட்டி அடுப்புக்காரன். அவள் கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடி வில்லைகளைச் சட்டத்துக்கு ஏற்றபடி ஓரம் தேய்த்துப் பொருத்துகிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வருவான். வந்தால் விருந்தாளி போல வாசலில் காலைத் துடைத்துக்கொள்வான், குடித்த கோப்பையைத் தானே கழுவி வைப்பான். அந்தக் கோப்பையைக் கழுவுகிற சத்தம்தான் அவளுக்குத் தாங்காது. சொந்த வீட்டில் யாராவது அவ்வளவு மரியாதையாக நடப்பார்களா?

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. 'மாமாவையும் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்துடுங்க.' ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். சொல்லத்தான் வரவில்லை. அவள் அத்தை வீட்டில் வளர்ந்தவள். அங்கே கேட்காமல் இருப்பதே நல்ல பிள்ளைக்கு அடையாளம். இன்னொரு கரண்டி சோறு வேண்டுமென்றால்கூட, தட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். அத்தை நல்லவள், பார்த்துப் போடுவாள். அதே பழக்கம் கல்யாணத்துக்குப் பிறகும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஆனால் அவள் கணவன் தட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிற ரகமில்லை. இரண்டு சிறிய அறைகளில் நோயாளிக் கிழவரைக் கொண்டுவந்து வைத்தால் இவள் முகம் சுளிப்பாளோ என்று அவன் அங்கே நினைக்க, ஆசை இருந்தால் அவரே கேட்க மாட்டாரா என்று இவள் இங்கே நினைக்க, நடுவில் ஆறு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: "அப்பா வீட்டுப் பக்கத்துல இப்ப நான் தற்காலிகமாப் போற பேக்கரில நிரந்தரமா சேரச் சொல்றாங்க. சேர்ந்தா அப்புறம் அங்கதான். இந்த வாரம் பதில் சொல்லணும். நீ என்ன சொல்ற?"

"உங்க இஷ்டம்" என்றாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்தவளுக்கு, தன் வாயைத் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அந்த வாரத்தின் நடுவில்தான் புயல் வந்தது. வந்த வேகத்தில் மின்கம்பங்களைச் சாய்த்து, போன் கோபுரங்களை முறித்துவிட்டுப் போயிற்று. போனபிறகு காற்றே இல்லை. ஆற்றிலிருந்து மூடுபனி எழுந்து தெருவுக்குள் வந்தது, வந்தது போகவில்லை. வெள்ளைத் துணியை நனைத்துப் போர்த்தியது போல ஊர் கிடந்தது. எதிர்வீடு ஒரு நிழல். தெரு விளக்குக் கம்பம் யாரோ யோசித்துக்கொண்டு நிற்பது போல நின்றது. பேச்சுக்குரல் கேட்கும், ஆளைக் காணோம்; ஆள் தெரிவார், அவர் காலடிச் சத்தம் இன்னும் வந்து சேர்ந்திருக்காது. இன்னும் தேய்க்காத வில்லை வழியாகப் பார்ப்பது போல இருந்தது அவளுக்கு. எல்லாம் இருக்கிறது, எதற்கும் ஓரம் மட்டும் இல்லை.

போனில் சிக்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் பெருக்கல் குறி. வண்டிகளுக்குப் பாலம் மூடியாயிற்று. நடந்து போகிறவர்கள் போகலாம் என்றார்கள்.

மூன்று வீடு தள்ளி முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர்தான் அந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தார். அவருடைய போனில் ஒரு செயலி இருந்தது. நெட் வேண்டாம், டவர் வேண்டாம். சேதி இந்தப் போனிலிருந்து பக்கத்துப் போனுக்குத் தாவும், அங்கிருந்து அதற்கடுத்த போனுக்கு. ஒரு போனுக்கும் அடுத்த போனுக்கும் கூப்பிடு தூரம்தான் இருக்க வேண்டும். மனிதர் வீடு வீடாகப் போய், ப்ளூடூத்திலேயே அதை எல்லோருக்கும் ஏற்றிக் கொடுத்தார். கூப்பிடு தூரத்துக்கு ஒருவராகத் தெருமுனையில், மருந்துக்கடை வாசலில், பஸ் நிறுத்தத்தில், பாலத்தின் மேல் என்று ஆட்கள் முறை வைத்து நின்றார்கள். பாலத்தின் இந்த முனையில் பள்ளிக்கூட வேன் டிரைவர் வேனைப் போட்டு, அதன் பேட்டரியில் கொத்துக் கொத்தாகப் போன்களுக்கு சார்ஜ் ஏற்றினார். அந்தக் கரையிலும் அப்படியே ஒரு வரிசை முளைத்தது. பனிக்குள் மனிதர்கள் நின்று நின்று, அவர்கள் சட்டைப்பைகள் வழியாக ஊர் மறுபடி பேச ஆரம்பித்தது.

அவளும் ஏற்றிக்கொண்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து கணவனுக்கு எழுதினாள். 'ஏங்க, நல்லா இருக்கீங்களா? மாமாவுக்கு மருந்து இருக்கா? சாப்பிட்டீங்களா?' அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் பார்க்காத அந்த வெள்ளை வெளிச்சமோ என்னவோ, விரல் தானாக இன்னொரு வரியை எழுதியது. 'படுக்கையில உங்க பக்கத்துத் தலையணைக்கு நேத்துதான் உறை மாத்தினேன்.' அனுப்பிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் போன் அதிர்ந்தது.

'நல்லா இருக்கேன், இன்னும் சாப்பிடலை. ஆனா நான் உங்க வீட்டுக்காரர் இல்லம்மா. முடிவெட்டற அண்ணன்.'

அடுத்தது. 'எங்ககிட்ட எல்லா மருந்தும் இருக்கு. தலையணைக்கு மட்டும் இல்லை. மருந்துக்கடை.'

அதற்கடுத்தது வேன் டிரைவர். 'யாரு வீட்டு ரகசியமோ, பாலம் தாண்டிப் போயிட்டிருக்கு. வழி விடுங்கப்பா.'

அவளுக்குக் காது மடல் சுட்டது. ஓடிப்போய் முடிதிருத்தும் கடையில் நின்றாள்.

"அண்ணே, நான் அவருக்குன்னுதானே எழுதினேன்?"

"'ஏங்க'ன்னுதாம்மா எழுதியிருக்கே. இந்தத் தெருவுல பாதிப் பேருக்கு அதான் பேரு." அவர் சிரிப்பை அடக்க, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இதுல ரெண்டு அறை இருக்கு. நீ எழுதினது பொது அறை. எல்லாரும் படிக்கலாம். தனியாப் பேசணும்னா, ரெண்டு போனும் ஒரு தடவையாவது பக்கத்துல பக்கத்துல இருந்து ஒண்ணை ஒண்ணு பார்த்திருக்கணும். அப்பத்தான் அந்த அறை திறக்கும்."

"எங்க போனு ரெண்டும் பார்த்துக்கலையே."

"அது தெரியுது" என்றார். சொன்னபிறகு, அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்பது போலச் சீப்பைத் தேட ஆரம்பித்தார்.

பதில் வரக் காத்திருந்தாள். இங்கே ஒருவர், அங்கே ஒருவர் என்று அது பனிக்குள் கை மாறிக் கை மாறி வருவதை நினைத்துக்கொண்டாள். ஒரு வேளை தலையணை வரிக்கு ஏதாவது எழுதியிருப்பானோ? ஒரு வேளை, கேட்காமலேயே, அவனே?

வந்தது. 'சாப்பிட்டேன். அப்பா கண்ணாடி மேல கால் வெச்சுட்டேன். ரெண்டு வில்லையும் போச்சு. கண்ணே தெரியலைன்னு நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேங்கறார். மத்தபடி நலம். பேக்கரிக்காரர் இன்னைக்கு சாயங்காலம் பதில் கேட்கறார்.'

அதன் வாலிலேயே வேன் டிரைவரின் சேதி தொங்கிக்கொண்டு வந்தது. 'தலையணைக்குப் பதில் எங்க? வழியில விழுந்துட்டுதோ?'

இன்னைக்கு சாயங்காலம்.

அவள் போனை வெறித்துப் பார்த்தாள். ஒரு வரி எழுதினால் போதும். எழுதினால் முடிவெட்டுகிறவர் படிப்பார், மருந்துக்கடை அக்கா படிப்பாள், இரண்டு கரையும் படிக்கும். ஒரு வருஷமாக நெஞ்சுக்குள் பொத்தி வைத்ததை இத்தனை பேர் சட்டைப்பைக்குள் எப்படிப் போடுவது? கட்டைவிரல் 'மா' என்று தட்டியது, அழித்தது. மறுபடி தட்டியது, அழித்தது. கடைசியில் 'நான் கண்ணாடி கொண்டு வரேன்' என்று மட்டும் அனுப்பிவிட்டுக் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கடையில் கரண்ட் இல்லை, அதனால் தேய்க்கும் இயந்திரமும் ஓடாது. மாமனாரின் கண்ணாடியைச் செய்தவளே அவள்தான். என்ன பவர், எந்தச் சட்டம் எல்லாம் தெரியும். அலமாரியிலிருந்து அதே மாதிரிச் சட்டம் ஒன்றையும் வட்டமான இரண்டு தடித்த வில்லைகளையும் எடுத்தாள். ஜன்னலடியில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து, கைக்கல்லை நனைத்து, வில்லையின் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தாள். ஸ்ஸ், ஸ்ஸ் என்று தூங்குகிற குழந்தையின் மூச்சு மாதிரி ஒரு சத்தம். தேய்த்துத் தேய்த்துச் சட்டத்தில் வைத்துப் பார்ப்பாள், இன்னும் கொஞ்சம் என்று எடுப்பாள். அவசரப்பட்டால் ஓரம் சில்லுப் போகும். இந்த வேலையில் மட்டும் அவளுக்கு எப்போதும் பொறுமை உண்டு. கைக்கு வேலை கொடுத்துவிட்டு, வாய்க்குள் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தாள். கல்லும் தண்ணீரும் கேட்டுக்கொண்டன.

கண்ணாடியைத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது தெரு இருந்த இடத்தில் வெள்ளைதான் இருந்தது. மேப்பைத் திறந்தாள். டவர் இல்லாவிட்டால் என்ன, நீலப் புள்ளி சமர்த்தாகக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தது. அந்த மேப்பில் புயலே அடித்திருக்கவில்லை. மரங்கள் விழவில்லை, பனி இறங்கவில்லை. தெருக்கள் குளித்துத் தலைவாரியது போலப் பளிச்சென்று கிடந்தன. தான் நடப்பது இந்தப் பனிக்குள்ளா, அந்தப் படத்துக்குள்ளா என்று ஒரு நிமிஷம் அவளுக்கே குழப்பமாக இருந்தது.

நின்று பார்த்தால் அம்புக்குறி பைத்தியம் பிடித்தது போலச் சுற்றியது. நடந்தால்தான் அதற்குத் திசை தெரிந்தது. அதனால் நடந்தாள். நேரே போ என்று அது காட்டிய தெருவில் ஒரு பெரிய மரம் குறுக்கே படுத்திருந்தது. அதன் இலைகளுக்குள்ளிருந்து ஒரு பூனை அவளைப் பார்த்தது. சுற்றிக்கொண்டு அடுத்த தெருவில் நுழைந்ததும் புள்ளி கொஞ்சம் தயங்கி, பிறகு மன்னித்துவிட்டுக் கூடவே வந்தது.

மருந்துக்கடை வாசலில் அந்த அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து, போனை மடியில் வைத்துக்கொண்டு காவல் இருந்தாள். பனிக்குள்ளிருந்து முதலில் அவள் முழங்கால்தான் தெரிந்தது, பிறகு மடி, பிறகு முகம்.

"வந்துட்டியா கண்ணாடி. இந்தா, உங்க மாமாவுக்குக் கண்ணுல விடற சொட்டு மருந்து." கையில் வைத்து அழுத்தினாள். "நீ ஏதோ எழுத வந்து எழுதி எழுதி அழிச்சியாமே?"

"அதுகூடவா தெரியும்?"

"'எழுதுகிறார்'னு காட்டும். நின்னுடும். மறுபடி காட்டும். ரெண்டு கரையும் மூச்சுப் பிடிச்சுக்கிட்டு நின்னோம். கடைசியில கண்ணாடி கொண்டு வரேன்னு வந்தது. முடிவெட்டறவர் வெறுத்துப் போய் உள்ள போயிட்டார்."

அவளுக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "என்னன்னு உங்களுக்குத் தெரியாதே அக்கா."

"தெரிய வேண்டாம். தெரிய வேண்டியவருக்குத் தெரிஞ்சா சரி. போ, இருட்டறதுக்குள்ள போ."

வேன் டிரைவர் அவளைப் பார்த்ததும் கேலி பேச வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். "போன்ல சார்ஜ் இருக்கா பார்த்துக்கம்மா. வெளிச்சத்தைக் குறைச்சு வெச்சுக்க" என்று மட்டும் சொன்னார்.

பாலத்தின் மேல் ஏறினாள். கைப்பிடிச் சுவரைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. கீழே ஆறு மட்டும் எங்கோ முணுமுணுத்தது. மேப்பைப் பார்த்தால் நீலப் புள்ளி பாலத்தை விட்டு விலகி ஆற்றுக்குள் இருந்தது. தண்ணீர்மேல் கால் நனையாமல் நடந்துகொண்டிருந்தது. அவள் சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சில்லென்று ஈரமாக, நிஜமாக இருந்தது. புள்ளி தப்பா, தான் தப்பா? இரண்டில் எது என்றாலும் அந்தக் கரைக்குத்தானே போகிறோம் என்று தோன்றியது. பயம் இல்லை. கனவில் நடக்கும்போது பாதை எங்கே என்று யார் கேட்கிறார்கள்?

பாலம் முடிகிற இடத்தில் ஒரு உருவம் நின்றது. முழங்கை வரை மாவு. பனியோடு பனியாகக் கைகள் கரைந்திருந்தன.

"எவ்வளவு நேரமா நிக்கறீங்க?"

"கண்ணாடி கிளம்பிட்டுதுன்னு சேதி வந்ததுலேருந்து." அவன் பையை வாங்கிக்கொண்டான். "'கூடவே ஆளும் வருது'ன்னு போட்டிருந்தாங்க."

"யாரு?"

"தெரியல. ஒரு பத்துப் பேரு."

சேர்ந்து நடந்தார்கள். தோள் இடிக்கிற தூரத்தில், இடிக்காமல். தலையணை பற்றி அவன் ஏதோ சொல்ல வந்தது போலத் தொண்டையைச் செருமினான். "அப்பா கோவமா இருக்கார். நான் மிதிச்சதுக்கு" என்றான்.

மாமனார் ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலடி கேட்டதும் தலையைத் திருப்பினார். "யாரு, பிசாசா? வெள்ளையா ஒண்ணு வந்து நிக்குது."

"நான்தான் மாமா."

"அட, மருமகளா. இவன் என் கண்ணை மிதிச்சுட்டான் பார்த்தியா?"

"கண்ணாடியைத்தான்பா மிதிச்சேன்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அவள் அவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து கண்ணாடியை மாட்டினாள். இடது காதுப் பக்கம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. கழற்றி, உள்ளங்கைச் சூட்டில் வைத்து மெல்ல வளைத்து, மறுபடி மாட்டினாள். பெரிதாகிப்போன இரண்டு கண்கள் அவளைப் பார்த்தன. பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தன.

"அடப்பாவி, இந்த வீடு இவ்வளவு அழுக்கா? கண்ணு தெரியாமலே இருந்திருக்கலாம்."

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். கிழவர் மட்டும் சிரிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இளைச்சுட்டியேம்மா" என்றார்.

அவன் வாசலில் நின்று செருப்பை மாட்ட ஆரம்பித்தான். "பேக்கரில மாவு பொங்கியிருக்கும். ரெண்டு கரைக்கும் இன்னைக்கு அங்கேருந்துதான் ரொட்டி. நான் போய்…" என்றவன் நிறுத்தி, "பேக்கரிக்காரர்கிட்ட சரின்னு சொல்லிடறேன். நீதான் உங்க இஷ்டம்னுட்டியே" என்றான்.

"இவனுக்கு இஷ்டம்னு ஒண்ணு எப்பம்மா இருந்தது?" என்றார் மாமனார். "எனக்கும் கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு. என்னடா செய்யப் போறேன்னு கேட்டா, அவ என்ன நினைக்கறாளோங்கறான். போய் அவளைக் கேளுடான்னா, அவ எதுவும் கேக்க மாட்டாங்கறான்."

ஒரு செருப்பு மாட்டியாயிற்று. இன்னொன்றின் வாரை அவன் குதிகாலில் இழுத்துக்கொண்டிருந்தான். ஜன்னலில் பனி கன்னம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏங்க."

"ம்."

"ஒரு தம்ளர் தண்ணி குடுங்க."

அவன் நிமிர்ந்தான். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவள் அவனிடம் தண்ணீர் கேட்டதில்லை; தாகமெடுத்தால் தானே எழுந்து போய்க் குடித்துக்கொள்வாள். ஒற்றைச் செருப்போடு உள்ளே போனான். அது தரையில் தட் தட் என்று அடித்துக்கொண்டே போய் வந்தது. இரண்டு கையாலும் தம்ளரை நீட்டினான். மாவு ஒட்டிய விரல்களின் அச்சு அதில் பதிந்திருந்தது.

அவள் முழுதும் குடித்தாள். கேட்டதும் வருகிறது. இவ்வளவுதானா? ஒன்றும் இடிந்து விழவில்லை. மாமனார் நாற்காலியில் இருந்தபடி, புதுக் கண்ணாடி வழியாக, சுவரையே அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலித் தம்ளரை வாங்க அவன் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"அந்த பேக்கரில சரின்னு சொல்லாதீங்க" என்றாள். "நீங்க வீட்டுக்கு வந்துடுங்க. மாமாவையும் கூட்டிக்கிட்டு. நமக்கு ரெண்டு அறைதான், ஆனா மூணு பேருக்கும் போதும், நான் அளந்து பார்த்துட்டேன். இது உங்க இஷ்டமில்ல. நான் கேக்கறேன்."